திகதியும் திதியும்

மென்பொருள் எழுதுகிறவர்களுக்குத் திகதி என்பது ஓர் எண். 1970 ஜனவரி முதலாம் திகதியைப் பூச்சியமாக வைத்து அங்கிருந்து முன்னும் பின்னும் எண்ணிக்கொண்டு போவது யுனிக்ஸ் இயங்குதளத்தோடு வந்த வழக்கம். நாட்களாக எண்ணினால் 2009 மே 17 என்பது 14,381. 1814 மே 17 பூச்சியத்துக்கு முந்தியது என்பதால் அது மறை 56,842. இரண்டுக்கும் நடுவில் 71,223 நாட்கள். இருபது வருடமாக இப்படியான எண்களோடு பிழைப்பு நடத்துகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், கணினிக்கு இந்த இரண்டு எண்களுக்கும் இடையில் ஒரு உறவும் கிடையாது.

ஆண்டைக் கழற்றி வைத்துவிட்டு நாளையும் மாதத்தையும் மட்டும் பார்ப்பது மனிதருடைய பழக்கம். பத்திரிகைகளில் 'வரலாற்றில் இன்று' என்று ஒரு மூலை இருக்கும். அதில் ஒரு மன்னர் பிறந்திருப்பார், ஒரு கப்பல் மூழ்கியிருக்கும், ஒரு விண்கலம் புறப்பட்டிருக்கும். முன்பின் அறியாதவர்கள் ஒரே பஸ் தரிப்பிடத்தில் நிற்பதைப் போல அவை அங்கே நிற்கும். பல நூறு ஆண்டுகளின் நிகழ்வுகளை 366 பெட்டிகளுக்குள் போட்டால் எந்தப் பெட்டியைத் திறந்தாலும் ஒன்றுக்கு மேல் இருக்கத்தான் செய்யும். அதில் அதிசயப்பட ஒன்றுமில்லை.

ஆனாலும் ஒரு பெட்டியை மட்டும் என்னால் அப்படிக் கடந்துபோக முடிவதில்லை. அது மே 17. அதை ஒட்டியே இருக்கிறது மே 18. ஒஸ்லோவின் கிழக்கே, இரண்டாம் இலக்கச் சுரங்க ரயில் பாதையில், மூன்று உயர்ந்த அடுக்குமாடிகளைத் தூரத்திலிருந்தே காட்டிக்கொண்டிருக்கும் ட்வெய்ட்டாவில் நான் குடியிருக்கிறேன். இங்குள்ள தமிழ் வீடுகளில் ஒவ்வொரு வருடமும் இந்த இரண்டு நாட்களும் கைகோத்துக்கொண்டு வருகின்றன. முதல் நாள் கொடி, வாத்தியம், ஐஸ்கிறீம். மறுநாள் மெழுகுவர்த்தி, உப்புக் கஞ்சி. வீட்டுக்குள் ஓடித் திரியும் பிள்ளைகளுக்கு இந்த இரண்டையும் எப்படிச் சொல்லிக் கொடுப்பது என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

*

நோர்வேயின் மே 17 வானத்திலிருந்து விழுந்த நாள் அல்ல. அதை ஆட்கள் தெரிவு செய்தார்கள். நெப்போலியனோடு சேர்ந்து தோற்ற டென்மார்க், 1814 ஜனவரி 14ஆம் திகதி கீல் உடன்படிக்கையில் நோர்வேயைச் சுவீடன் மன்னருக்கு விட்டுக்கொடுத்தது. நானூறு வருடங்களுக்கு மேலாகக் கூட இருந்த ஒரு நாட்டை, அந்த நாட்டாரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கைமாற்றினார்கள். அதை ஏற்காத 112 பேர் எய்ட்ஸ்வொல் என்ற இடத்தில் ஒரு வீட்டில் கூடி ஐந்து வாரங்களில் ஓர் அரசியலமைப்பை எழுதினார்கள். மே 16ஆம் திகதியே அதை நிறைவேற்றிவிட்டார்கள். ஆவணத்தில் இட்ட திகதி மே 17. அன்றுதான் தங்களுக்கென ஒரு மன்னரையும் தெரிவு செய்தார்கள். அந்த மன்னர் சில மாதங்களில் போய்விட்டார். நவம்பர் 4ஆம் திகதி, திருத்திய அரசியலமைப்போடு, நோர்வே சுவீடனின் மன்னரின் கீழ் வந்தது. கணக்குப் பார்த்தால் மே 17 ஒரு தோல்வியின் நினைவு நாளாகவும் இருந்திருக்கலாம்.

சுவீடன் தரப்புக்கு நவம்பர் 4தான் உவப்பான நாள். மன்னர் கார்ல் யோஹான் மே 17 கொண்டாட்டத்தைத் தமக்கு எதிரான கலகமாகவே பார்த்தார். 1828இல் தடை வந்தது. அடுத்த வருடம் மே 17 அன்று, 'கொன்ஸ்டிடூஷனென்' என்ற நீராவிக் கப்பல் துறைமுகத்துக்கு வருவதைப் பார்க்கச் சனம் திரண்டது. கப்பலின் பெயரே 'அரசியலமைப்பு' என்பதுதான். மாலையில் நகரச் சந்தைச் சதுக்கத்தில் நின்ற கூட்டத்தைக் குதிரைப்படையை ஏவிக் கலைத்தார்கள். அங்கே அடிபட்டவர்களில் ஒருவர் ஹென்ரிக் வேர்கெலான்ட், அப்போது இருபது வயது மாணவர், பின்னாளில் நோர்வேயின் பெருங்கவிஞர். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு தடையைத் தொடர்ந்து வைத்திருக்க மன்னரால் முடியவில்லை.

இன்று ஒஸ்லோவில் சிறுவர் ஊர்வலம் போகும் பிரதான வீதியின் பெயர் கார்ல் யோஹான் வீதி. அரண்மனை முற்றத்தில் குதிரைமேல் இருக்கும் சிலையும் அவருடையதே. மே 17ஐத் தடுக்கப் பார்த்தவரின் பெயரிலுள்ள தெருவால் பிள்ளைகள் நடந்து போய், அவருடைய சிலைக்கு முன்னால் கொடி அசைக்கிறார்கள். இதில் எவருக்கும் மனக்கசப்பு இருப்பதாகத் தெரியவில்லை. வென்ற நினைவுக்குத் தோற்றவரின் சிலையைச் சகித்துக்கொள்ளும் வசதி உண்டு.

இராணுவ அணிவகுப்பு இல்லாமல் பள்ளிப் பிள்ளைகள் முன்னால் நடக்கும் வழக்கம் 1870இல் ஒஸ்லோவில் நிலைகொண்டது. அதற்குப் பின்னால் நின்றவர் எழுத்தாளர் பியோர்ன்சன். அப்போது ஆண்பிள்ளைகள் மட்டும்தான். பெண்பிள்ளைகள் சேர 1889 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1940 முதல் 1945 வரை நாஜிகளின் ஆட்சியில் கொண்டாட்டம் தடைசெய்யப்பட்டிருந்தது. விடுதலை கிடைத்து ஒன்பதாம் நாள் வந்த 1945 மே 17 அன்று, ஐந்து வருடம் பெட்டிக்குள் கிடந்த கொடிகள் வெளியே வந்தன.

சில திகதி ஒற்றுமைகள் தற்செயலாக வருவதில்லை என்பதற்கும் நோர்வேயிலேயே உதாரணம் இருக்கிறது. 1905 ஜூன் 7 அன்று நோர்வேப் பாராளுமன்றம் சுவீடனுடனான இணைப்பை முறித்தது. 1940 ஜூன் 7 அன்று மன்னர் ஹோகோன், ஜெர்மானியப் படைக்குப் பணியாமல், ட்ரொம்ஸோவிலிருந்து கப்பலேறி இங்கிலாந்துக்குப் போனார். ஐந்து வருடம் கழித்து அவர் ஒஸ்லோவில் வந்திறங்கியது 1945 ஜூன் 7. போன நாள் போரின் கதியால் அமைந்தது. திரும்பி வந்த நாள் பார்த்து வைத்த நாள். ஒரு சமூகம் தன் நாட்காட்டியைத் தானே எழுதிக்கொள்ளும் விதம் இது.

அந்த நாட்காட்டியில் எல்லோருக்கும் இடம் இருக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். 1814இன் புகழ்பெற்ற அரசியலமைப்பின் இரண்டாம் பிரிவு யூதர்கள் நாட்டுக்குள் நுழையக்கூடாது என்றது. சந்தைச் சதுக்கத்தில் அடிபட்ட அதே வேர்கெலான்ட் அதை நீக்கப் பாடுபட்டு, நீங்குவதைப் பார்க்காமல் 1845இல் இறந்தார். நீக்கியது 1851இல். 1983இல், குடியேறியவர்களின் பிள்ளைகள் நிறையப் படித்த ஒஸ்லோவின் சாகெனெ பள்ளிக்கு மே 17ஐ ஒட்டிக் குண்டு மிரட்டல் வந்தது. 1999இல் தலைநகரின் மே 17 குழுவுக்குப் பாகிஸ்தானில் பிறந்த ருபீனா ராணா தலைமை தாங்கினார். வெளிநாட்டில் வேர்கொண்ட ஒருவர் அந்தப் பொறுப்புக்கு வந்தது அதுவே முதல் தடவை. அவருக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. அவர் ஊர்வலத்தின் முன்னால் நடந்தார். இன்று ட்வெய்ட்டாப் பிள்ளைகள் சாதாரணமாக நடக்கிற அந்த நடைக்குப் பின்னால் இத்தனை இருக்கிறது.

*

1983 என்ற ஆண்டு நம்மவர்களுக்கு வேறு காரணத்துக்காக நினைவிருக்கும். சாகெனெ பள்ளிக்கு மிரட்டல் வந்து இரண்டு மாதத்தில் கொழும்பில் தமிழர் வீடுகள் எரிந்தன. அதன்பின் நோர்வேக்கு வந்தவர்கள் மக்கள் உயர்பள்ளிகளில் மொழி படித்தார்கள், வடக்கே மீன் தொழிற்சாலைகளில் வேலை செய்தார்கள், பிறகு மெல்ல ஒஸ்லோவுக்கு இறங்கினார்கள். அவர்களில் பலர் கிழக்குப் புறநகர்களில் குடியமர்ந்தார்கள். நான் அவர்களுக்குப் பிந்தியவன். 2004இல் கணினி அறிவியலில் முதுகலை படிக்க வந்தவன். அப்போது 'நோர்வே' என்ற சொல்லுக்கு ஊரில் ஒரு தனி மதிப்பு இருந்தது. 2002 பெப்ரவரி 22 அன்று கைச்சாத்தான போர்நிறுத்த உடன்படிக்கையின் அனுசரணையாளர் நோர்வே. எரிக் சொல்ஹெய்மின் பெயர் வன்னியில் தேநீர்க்கடைக்காரருக்கும் தெரியும்.

2009 ஏப்ரலில் அந்த மதிப்பு தரைமட்டமாகியிருந்தது. ஏப்ரல் 12 அன்று ஒஸ்லோவிலுள்ள இலங்கைத் தூதரகத்துக்குள் ஆர்ப்பாட்டக்காரர் சிலர் புகுந்து உடைத்தார்கள். மறுநாளே நோர்வே இனி அனுசரணையாளராக இருக்க முடியாது என்று கொழும்பு சொல்லிவிட்டது. அந்த வசந்தகாலம் முழுவதும் நாங்கள் வேலை முடிந்ததும் போய்ப் பாராளுமன்றத்துக்கு முன்னால் நின்றோம். அந்த வெளியின் பெயர் எய்ட்ஸ்வொல் சதுக்கம். பெயரின் பின்னாலிருந்த 1814 எங்களில் அநேகருக்கு அன்று தெரியாது.

மே 16, சனிக்கிழமை இரவு, மொஸ்கோவில் நடந்த யூரோவிஷன் பாட்டுப் போட்டியில் நோர்வேக்காக அலெக்ஸாண்டர் ரிபாக் என்ற இளைஞர் வயலின் வாசித்துப் பாடி 387 புள்ளிகளோடு வென்றார். அதுவரை எவரும் எடுக்காத புள்ளி. அடுத்த நாள் மே 17, ஞாயிற்றுக்கிழமை. தேசிய நாளும் வெற்றியும் ஒன்றாக வந்ததில் நகரம் குதித்துக்கொண்டிருந்தது. ட்வெய்ட்டா ரயில் நிலையத்தில் தேசிய உடை அணிந்த குடும்பங்கள், சிவப்பு மேலுடையில் பள்ளி முடித்த மாணவர்கள், எங்கு திரும்பினாலும் அந்த வயலின்.

அதே ஞாயிற்றுக்கிழமைதான், விடுதலைப் புலிகளின் சர்வதேசத் தொடர்புகளுக்குப் பொறுப்பாக இருந்த செல்வராசா பத்மநாதனின் அறிக்கை வந்தது. போர் கசப்பான முடிவை எட்டிவிட்டது, துப்பாக்கிகளை மௌனிக்கத் தீர்மானித்துவிட்டோம் என்று அது சொன்னது. தமிழ்நாட்டில் அந்த நாளின் பெயரையே வைத்துக்கொண்டு திருமுருகன் காந்தியும் நண்பர்களும் 'மே பதினேழு இயக்கம்' தொடங்கினார்கள். அந்தப் பெயரை ஒஸ்லோவில் ஒரு நோர்வீஜியரிடம் சொன்னால், தன் தேசிய நாளைத் தமிழரும் கொண்டாடுகிறார்கள் என்று நினைத்துக்கொள்வார்.

நான் இருந்த மாடியில் அன்று ஒரு வீட்டிலிருந்து பாட்டும் இன்னொரு வீட்டிலிருந்து அழுகையும் கேட்டன. அயலவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் என்று நான் நினைக்கவில்லை. கீழ் வீட்டு மூதாட்டி வழமைபோலக் கேக் கொண்டுவந்து தந்தார். எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல், தட்டை வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் திங்கட்கிழமை. இங்கே வேலை நாள். கொழும்பில் போர் முடிந்ததென்று அறிவித்தார்கள். தெருவில் பட்டாசு கொளுத்திப் பாற்சோறு பகிர்ந்தார்கள். முள்ளிவாய்க்காலில் கடைசி வாரங்களில் சனத்துக்குக் கிடைத்தது அரிசியும் தண்ணீரும் உப்பும் சேர்ந்த கஞ்சி, அதுவும் வரிசையில் நின்று. இரண்டும் அரிசிதான். ஒரு தீவு, ஒரு மாதம், ஒரே தானியம். தேங்காய்ப்பால் ஒரு பக்கத்துக்கு மட்டும் கிடைத்தது. ஒரே நாளை இரண்டு சனங்கள் எப்படி வைத்திருக்கின்றன என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

இலங்கைக்கும் மே மாதத்தில் ஓர் அரசியலமைப்பு நாள் இருக்கிறது. 1972 மே 22 அன்று முதலாவது குடியரசு அரசியலமைப்பு வந்தது. சிங்களத்தை அரச மொழியாக்கி, பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுத்து, சிறுபான்மையினருக்குக் காப்பாக இருந்த சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவை அது விட்டுவிட்டது. அரசியல் நிர்ணய சபையிலிருந்து தமிழரசுக் கட்சி முதல் வருடமே வெளியேறியிருந்தது. அந்த வருடமே செல்வநாயகம் தன் காங்கேசன்துறை ஆசனத்தைத் துறந்தார். நான்கு வருடம் கழித்து, 1976 மே 14 அன்று, வட்டுக்கோட்டைத் தீர்மானம். நோர்வேப் பிள்ளைகள் தங்கள் அரசியலமைப்புக்காகக் கொடி பிடிக்கும்போது நம்முடைய தலைமுறைக்கு உள்ளே ஏதோ இடறுகிறது என்றால் அதற்குக் காரணம் பொறாமை மட்டும் இல்லை. அரசியலமைப்பு என்ற சொல்லைக் கேட்டுச் சனம் தெருவில் மகிழ்ந்து நடப்பதை நாங்கள் அதற்கு முன் பார்த்ததில்லை.

*

இனி என் வீட்டு விசயத்துக்கு வருகிறேன். அம்மாவின் தங்கை, எனக்குச் சின்னம்மா, 2009 ஏப்ரலில் வலைஞர்மடத்தில் இருந்தார். மே முதல் வாரத்தில் இரட்டைவாய்க்காலில் பார்த்ததாக ஒரு ஊரவர் பின்னர் முகாமிலிருந்து சொன்னார். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. 'இறந்தார்' என்று எழுதவும் கைவரவில்லை, 'இருக்கிறார்' என்று எழுதவும் முடியவில்லை.

நம்முடைய மரபில் இறந்தவரைத் திகதியில் நினைப்பதில்லை, திதியில் நினைக்கிறோம். சந்திரன் சூரியனை விட்டு 12 பாகை விலகும் காலம் ஒரு திதி. மாதத்துக்கு முப்பது. ஆட்டைத் திவசத்துக்கு மாதமும் பிறையும் திதியும் வேண்டும். ஆகவே அது ஆங்கில நாட்காட்டியில் வருடாவருடம் இடம் மாறும். என் தந்தையின் திவசம் ஒரு வருடம் வேலை நாளில் விழும், அடுத்த வருடம் விடுமுறையில் விழும். திகதி அரசாங்கத்துக்கும் வங்கிக்கும் உரியது, திதி வீட்டுக்கு உரியது என்று அம்மா பிரித்து வைத்திருந்தார்.

சின்னம்மாவுக்குத் திதி இல்லை. ஐயர் கேட்டபோது அம்மாவிடம் பதில் இல்லை. திதி தெரியாதவர்களுக்கு அமாவாசையில் செய்யலாம் என்று ஒரு வழி இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் தகப்பனுக்கு ஆடி அமாவாசை, தாய்க்குச் சித்திரா பௌர்ணமி. ஆனால் அதைச் செய்யவும் ஒருவர் இறந்துவிட்டார் என்று முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். "ஆர் பாத்தது?" என்று அம்மா பல வருடம் கேட்டுக்கொண்டிருந்தார். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சி கந்தசாமி கோயிலடியில் உட்கார்ந்த தாய்மாரும் கேட்டது அதே கேள்வியைத்தான்.

இது ஒரு வீட்டின் கதை இல்லை. ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011இல், கடைசிக் கட்டத்தில் இறந்த பொதுமக்கள் 40,000 வரை இருக்கலாம் என்று எழுதியது. மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப், அரச கணக்குகளையே வைத்துக் கழித்துப் பார்த்து, 1,46,679 பேருக்குக் கணக்கு இல்லை என்றார். இவ்வளவு பெரிய இடைவெளி எப்படி வந்தது? எவரும் எண்ணவில்லை. எண்ணாத இடத்தில் திகதி இல்லை, திதியும் இல்லை.

இதை எழுதுவதற்காக 2009இன் பிறைக் கணக்கைப் பார்த்தேன். மே 24 அமாவாசை. ஆக மே 17 தேய்பிறை அட்டமி, மே 18 நவமி. நல்ல காரியம் ஒன்றும் தொடங்கக்கூடாது என்று நம் வீடுகளில் ஒதுக்கி வைக்கிற அதே இரண்டு நாட்கள். இதில் விதியைத் தேடுகிறவர்கள் தேடலாம். நான் தேடவில்லை, ஏனென்றால் சின்னம்மா அட்டமியில் இறந்தாரா பஞ்சமியில் இறந்தாரா என்பது எனக்குத் தெரியாது. மே 18ஐ ஆயிரக்கணக்கான குடும்பங்கள் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் அன்று போர் முடிந்தது என்பது மட்டும் இல்லை. அன்றைய திகதி, திதி இல்லாத எல்லோருக்குமான திதி. ஒரு நாள் அம்மாவே சொன்னார்: "எல்லாருக்கும் பதினெட்டு எண்டால் அவளுக்கும் பதினெட்டுத்தான்." அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு திவசம் மட்டும் இடம் மாறுவதில்லை.

*

மே 18 என்ற பெட்டிக்குள் நாங்கள் மட்டும் இல்லை. 1944 மே 18 அன்று ஸ்டாலினின் ஆட்கள் கிரிமியத் தாத்தாரியரை வீடுகளிலிருந்து எழுப்பி ரயில் பெட்டிகளில் ஏற்றினார்கள். மூன்று நாட்களில் ஏறத்தாழ 1,90,000 பேர் மத்திய ஆசியாவுக்கும் யூரலுக்கும் கடத்தப்பட்டார்கள். 2014இல் கிரிமியாவை ரஷ்யா எடுத்துக்கொண்டபின், எழுபதாவது ஆண்டு நினைவுக் கூட்டத்துக்கே தடை விழுந்தது. 2016 யூரோவிஷனில் உக்ரேனுக்காக வென்ற ஜமாலா அந்தச் சமூகத்தவர். அவர் பாடியதும் 1944ஐப் பற்றி.

1980 மே 18 அன்று தென்கொரியாவின் குவாங்ஜு நகரில் இராணுவ ஆட்சியை எதிர்த்த மாணவர்கள்மேல் படை பாய்ந்தது. பத்து நாட்கள் நகரம் எதிர்த்து நின்றது. கொரியர்கள் அதற்கு வைத்த பெயர் வெறும் எண்தான்: ஐந்து, ஒன்று, எட்டு. அந்த ஆட்சி இருந்தவரை அதைக் கலவரம் என்றார்கள், நினைவு கூர்ந்தவர்களைப் பிடித்தார்கள். 1997இல் அது அரச நினைவு நாள் ஆனது. பதினேழு வருடம் எடுத்தது.

இந்த மூன்று பதினெட்டுக்கும் இடையில் காரண காரியத் தொடர்பு எதுவும் இல்லை. ஆனால் ஒரே பெட்டிக்குள் கிடப்பதால் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். பார்த்தால், நாள் ஒன்று நிலைப்பதற்கு ஒரே மாதிரியான சில கட்டங்கள் தெரிகின்றன. முதலில் அதைத் தடுப்பார்கள். பிறகு தடையை மீறிச் சிலர் கூடுவார்கள். பிறகு அந்த நாள் யாருக்குச் சொந்தம் என்று உள்ளுக்குள்ளேயே சண்டை வரும். நோர்வேயின் மே 17 இந்த மூன்றையும் தாண்டி வந்திருக்கிறது. நம்முடைய மே 18 இன்னும் நடுவில் நிற்கிறது.

தடை பற்றிச் சொல்ல அதிகம் தேவையில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலிருந்த முள்ளிவாய்க்கால் நினைவுத் தூபியை 2021 ஜனவரி 8 இரவில் இடித்தார்கள். மாணவர்கள் வாசலில் உட்கார்ந்தார்கள். மூன்றாம் நாள் அதே இடத்தில் அடிக்கல் வைத்தார்கள், ஏப்ரல் 23 அன்று புதிய தூபி திறந்தது. 2024 மே மாதம் திருகோணமலை மாவட்டத்தில் கஞ்சி காய்ச்சிக் கொடுத்ததற்காகப் பெண்களைக் கைது செய்தார்கள். கஞ்சிக்குப் பயப்படும் அரசு, கப்பலின் பெயருக்குப் பயந்த கார்ல் யோஹானின் உறவு முறை. வெளியில் நிலைமை வேறு. 2022 மே 18 அன்று கனடியப் பாராளுமன்றம் அந்த நாளைத் தமிழ் இனப்படுகொலை நினைவு நாளாக ஏற்றுத் தீர்மானம் நிறைவேற்றியது.

சொல்லவேண்டியது மூன்றாவதைப் பற்றி. ஒஸ்லோவில் நான் போன நினைவுக் கூட்டங்களில் ஒவ்வொரு முறையும் சிலர் வரமாட்டார்கள். அவர்களும் அங்கே உறவுகளை இழந்தவர்கள்தான். மேடையில் எந்தக் கொடி, யாருடைய படம், யார் பேசுவது என்பது முதலிலேயே முடிவாகிவிடுகிறது, அதனால் வருவதில்லை என்பார்கள். அதே நிபுணர் குழு அறிக்கை, அரச படை வைத்தியசாலைகள் மீதும் பாதுகாப்பு வலயங்கள் மீதும் செல்லடித்ததை எழுதிய அதே பக்கங்களில், வெளியேற முயன்ற சனத்தைப் புலிகள் தடுத்ததையும் சுட்டதையும் எழுதியிருக்கிறது. அப்படி இறந்த ஒரு மகனின் தாய்க்கு மே 18 அன்று ஒஸ்லோவில் நிற்க ஓர் இடம் இருக்கிறதா? இருக்கிறது என்று உறுதியாகச் சொல்ல என்னால் முடியவில்லை. போராடி இறந்தவரின் தாய்க்கு அங்கே இடம் வேண்டும், தப்பி ஓடி இறந்தவரின் தாய்க்கும் வேண்டும். இதைச் சொல்வதால் அரசின் குற்றம் ஒரு இம்மியும் குறையாது. திதி இல்லாதவர்களுக்கான திதி என்றால், அதில் யார் சுட்டுச் செத்தார் என்று கேட்டுப் பந்தி வைக்க முடியாது.

மே 17 இந்த நாட்டில் நிலைத்ததற்குக் காரணங்களைத் தேடினால், வேர்கெலான்டின் துணிவு ஒன்று, பிள்ளைகளை முன்னால் விட்டது ஒன்று. ஆண்பிள்ளைகளின் ஊர்வலத்தில் பெண்பிள்ளைகளும் பிறகு பாகிஸ்தானியப் பிள்ளைகளும் தமிழ்ப் பிள்ளைகளும் சேர்ந்தார்கள். ஒவ்வொரு சேர்க்கையின்போதும் நாள் கெட்டுப்போய்விடும் என்று சொல்ல ஆட்கள் இருந்தார்கள். நாள் கெடவில்லை. நம் மே 18இலும் பிள்ளைகள் வருகிறார்கள், நோர்வே மொழியில் கவிதை வாசிக்கிறார்கள், நடனம் ஆடுகிறார்கள். ஆனால் கேள்வி கேட்க அவர்களுக்கு நேரம் ஒதுக்குவதில்லை.

என் மகளுக்கு வயது பதின்மூன்று. பள்ளி வாத்தியக் குழுவில் கிளாரினெட் வாசிக்கிறாள். இந்த வருடம் மே 17 இரவு, சீருடையைக் கழற்றி மாட்டிக்கொண்டே கேட்டாள்: "அப்பா, சின்ன அப்பம்மா பதினெட்டாம் திகதியே செத்தவ?"

"தெரியாது பிள்ளை" என்றேன். "அப்ப ஏன் நாளைக்கு?" என்றாள். அம்மா குசினிக்குள் மறுநாளுக்கு அரிசி அளந்துகொண்டிருந்தார். திகதி, திதி என்று இங்கே எழுதியதை எல்லாம் என்னால் முடிந்த அளவுக்கு, அரைத் தமிழிலும் அரை நோர்வே மொழியிலும் சொன்னேன். எய்ட்ஸ்வொலில் 16ஆம் திகதி முடிந்த வேலைக்கு 17ஆம் திகதி இட்டதையும் சொன்னேன். அவள் அதைப் பள்ளியில் படித்திருந்தாள், ஆண்டுகளில் இரண்டு இடத்தில் என்னைத் திருத்தினாள். பிறகு அம்மாவிடம் போய், சின்ன அப்பம்மாவுக்கு என்ன வாத்தியம் பிடிக்கும் என்று கேட்டாள். சின்னம்மா புதுக்குடியிருப்பில் பள்ளிக்கூடத்தில் மிருதங்கம் பழகியது எனக்கே அன்றுதான் தெரியவந்தது. பதினாறு வருடமாக அவரைக் காணாமல் போனவராகவே பேசிக்கொண்டிருந்த வீட்டில், முதல் தடவையாக அவர் ஏதோ செய்துகொண்டிருந்த ஒருவராக வந்தார்.

2026இல் மே 17 மறுபடியும் ஞாயிற்றுக்கிழமை, மே 18 திங்கட்கிழமை, 2009இல் வந்தது போலவே. திங்கட்கிழமைக்கு நான் இப்போதே விடுப்புப் போட்டுவிட்டேன். ட்வெய்ட்டாவில் நாலைந்து குடும்பங்களாகக் கதைத்திருக்கிறோம். மேடை வேண்டாம், ஒலிவாங்கி வேண்டாம், ஒரு பானை கஞ்சியும் ஒரு கொப்பியும் போதும். வருகிறவர்கள் தங்கள் ஆட்களின் பெயரையும், அவர்கள் உயிரோடு இருந்தபோது செய்த ஏதோ ஒன்றையும் எழுதட்டும். எப்படி இறந்தார் என்ற நிரல் அந்தக் கொப்பியில் இருக்காது. முதல் பக்கத்தில் எழுதுவதாக மகள் சொல்லியிருக்கிறாள்.